ஒரு வரி திருத்தினால் மொத்தக் கோப்பும் சிவப்பு

ஒரே மென்பொருளை நாலு பேர் நாலு கம்ப்யூட்டரில் எழுதி 'கிட்' (Git) என்கிற, யார் எதை மாற்றினார்கள் என்று பேரோடு பதிந்துவைக்கிற மென்பொருளில் சேர்க்கிற தொழிலில் எழுதுவது சுலபம், சேர்ப்பதில்தான் உயிர் போகும். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன அலுவலகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பதுதான் தினமும் பஸ்ஸில் என் கவலை.

மொத்தமும் சிவப்பு

என்னுடையது விண்டோஸ். எனக்கு மூத்தவரான கலா அக்காவுடையது லினக்ஸ். ஒவ்வொரு வரியின் முடிவிலும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளைப் போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். அது அப்போது எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்பினேன். கோப்பு முழுவதும் மாறிவிட்டதாக கிட் சிவப்பாகக் காட்டியது. அக்கா தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு செடி புடுங்கச் சொன்னா கொல்லை மொத்தத்தையும் ஏர் ஓட்டி வெச்சிருக்கியே, இன்னாடி இது?"

படமில்லாத தினை

எல்லாக் கோப்பிலும் வரிமுடிவு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கிட்டுக்கு எழுதி வைக்க ஒரு வழி உண்டு. நானே எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் 'எல்லாம்' என்றதில் படங்களும் சேர்ந்துவிட்டன. கிட் அவற்றையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு, உள்ளே வரிமுடிவு போலத் தெரிந்த குறிகளை உருவி, படங்களைக் கெடுத்துவிட்டது.

மறுநாள் வெள்ளிமலையில் தானியம் வாங்கும் சங்கத்தில் எங்கள் மென்பொருளுக்கு முதல் நாள். மலையேறிப் போய் டேப்லெட்டைத் திறந்தால் தினை, சாமை, கேழ்வரகு எல்லாம் வெறும் கட்டங்கள். படிக்கத் தெரியாதவர்களும் படத்தைத் தொட்டு விற்கட்டும் என்றுதான் அதைச் செய்திருந்தோம். வெளியே மூட்டைகளோடு ஆட்கள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பொண்ணு அக்கா டீ டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"நேத்து வரைக்கும் படம் பாத்தா வாங்கினோம்? நீ பதறாம செய்யி கண்ணு, மூட்டை ஏத்திக்கினு ஜீப்பு சாயந்தரந்தான் கீழ எறங்குது."

போனில் கலா அக்கா

லேப்டாப்பையும் டேப்லெட்டையும் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பஸ் நிறுத்தம் வரை நடந்து கலா அக்காவை அழைத்தேன். பழைய படங்கள் கிட்டின் முந்தைய பதிவில் பத்திரமாக இருந்தன. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே மீட்டிருக்கலாம். செய்யவில்லை. படங்கள் எழுத்தல்ல என்று ஒரு வரி சேர்க்கவும், பிறகு பழையவற்றைத் திரும்ப எடுக்கவும், ஒவ்வொரு கட்டளையாக என்னையே அடிக்க வைத்தார். டேப்லெட்டில் தினை வந்தது, பின்னாலேயே சாமையும். நீங்களே செய்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் செஞ்சா என் பேர்ல பதிவாகும்டி. வேலை ஒனக்கு வேணுமா, எனக்கு வேணுமா?"

முதலாளி படித்தது

ஆறாவது மாதக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கிட் பதிவுகளைத் திரையில் மேலும் கீழும் ஓட்டினார். கெடுத்ததும் என் பேரில், சரிசெய்ததும் என் பேரில். இரண்டாவது கலா அக்கா சொல்லித்தந்து செய்தது என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

"கலா சொல்லித்தான் அடிச்சன்னு தெரியும்மா. கேக்கத் தெரிஞ்சிருக்குதில்ல, இருந்துக்கோ. என் கம்ப்யூட்டர மட்டும் தொடாத."

விண்டோஸும் லினக்ஸும் இன்னும் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போய்விட்டால் எனக்கு இங்கே வேலை குறைந்துவிடும் என்பதால் நானும் அவசரப்படுத்தவில்லை.