சேமித்ததாகச் சொன்ன அட்டவணை

அம்மா இறந்த அன்று வந்தவர்களில் பாதிப் பேர் செவிலியர்கள். அவள் கணினி நிரல் எழுதின மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘கட்டம் அக்கா’தான். நோயாளிகளின் விவரம் திரையில் கட்டம் கட்டமாக வருவதெல்லாம் அவள் கைவேலை. பேச்சு குறைவு. கோபம் வந்தால் கீபோர்டு சத்தம் மட்டும் கூடும்.

ஒருநாள் காலை அந்த அட்டவணையில் ‘ஒவ்வாத மருந்து’ என்று ஒரு நெடுவரிசையைப் புதிதாகச் சேர்த்தாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வார்டு செவிலியர் போன் செய்தாள்.

“அக்கா, உங்க டேபிளுக்கு மறதியா, எனக்கா? பென்சிலின் ஆகாதுன்னு அடிச்சேன். ‘சேமிக்கப்பட்டது’ன்னு பச்சையில வந்துச்சு. இப்பப் பார்த்தா காலியா இருக்கு.”

“யாருக்கு?”

“ஏழாம் படுக்கை. ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்க.”

“வாயால சொல்லி அனுப்பினியா?”

“டேபிள்லதான் இருக்குன்னு விட்டுட்டேன்க்கா.”

அம்மா அறுவை அரங்குக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே நிரலைத் திறந்தாள். தரவை அட்டவணையோடு இணைக்கும் வரி, திரையில் பக்கம் திறக்கும்போதெல்லாம் ஓடும் இடத்தில் இருந்தது. ‘முதல் முறை மட்டும் ஓடு’ என்ற நிபந்தனையைக் காலையில் போட மறந்திருந்தாள். சேமி பொத்தானை அழுத்தினாலும் பக்கம் மறுபடி திறக்கும். பழைய தரவு வந்து, செவிலியர் அடித்ததன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்தப் பழையதே சேமிக்கப்படும். காலையிலிருந்து எந்த வார்டில் எதைத் திருத்தியிருந்தாலும் பதியவில்லை.

பின்னால் நின்ற மேலாளர் முணுமுணுத்தார். “சத்தமில்லாம சரி பண்ணிடும்மா. ஊரைக் கூட்டாத.”

“சரி பண்ணா இனிமே அடிக்கிறதுதான் சார் நிக்கும். போனது போனதுதான்.”

அறுவை அரங்கில் போனை யாரும் எடுக்கவில்லை. ரிசீவரை மேலாளர் கையில் திணித்துவிட்டுப் படியேறி ஓடினாள். கதவைத் தட்டியதும் மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா நீ?”

“டேபிள் எழுதினவ. ஏழாம் படுக்கைக்குப் பென்சிலின் ஆகாது. திரையில காலியா இருக்கும், நம்பாதீங்க. தப்பு என்னோடது.”

டாக்டர் உள்ளே திரும்பி, “அந்த ஊசிய நிறுத்து!” என்றார். அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊசியில ஏத்தித்தான் வச்சிருக்கேன் டாக்டர். இன்னும் போடல,” என்றது உள்ளே ஒரு செவிலியரின் குரல்.

டாக்டர் அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் கீழே வந்து நிபந்தனையைச் சேர்த்தாள். அதன்பின் வார்டு வார்டாகப் போனாள்.

“என் தப்பு, எதுவும் பதியல. காலையில என்ன அடிச்சீங்க? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க.”