கடற்காகங்களைப் படமெடுத்த அப்பா

மகள் காகமொன்றைப் படமெடுத்தாள். கமராவின் ‘கிளிக்’ சத்தம் என்னை யுத்தகாலத்துக்கு, துறைமுகத்தையொட்டிய கொட்டாஞ்சேனைக்கு இழுத்துப்போனது.

கப்பல் கொம்பனிக் கிளாக்கரான அப்பா தினமும் வேலை முடிந்ததும் துறைமுகக் கரையில் கடற்காகங்களைப் படமெடுப்பார். அங்கே படமெடுக்கத் தடை வந்தபோதும் விடவில்லை. “பறவையைத்தானே எடுக்கிறன்” என்பார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் என்னிடம் கனிவாகக் கேட்டார்.

“அப்பா எங்க படம் எடுக்கிறவர், பிள்ளை?”

“துறைமுகத்தில. ஒவ்வொரு நாளும்!” ஏழு வயதுப் பெருமையோடு சொன்னேன்.

உளவாளி என்று அப்பாவைக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து எலும்பும் தோலுமாய்த் திரும்பினார். வேலையும் போயிருந்தது.

“நான்தானே சொன்னனான், அப்பா” என்று அழுதேன்.

“நீ பொய் சொல்லேல்லையே, பிள்ளை.”

ஆனால் அதன்பிறகு, நான் அறைக்குள் வந்தாலே அப்பா பேச்சை நிறுத்திவிடுவார்.