மார்க்கப்பற்று உள்ள குடும்பம்

கல்யாணத் தரகனுக்கு ஒரு போனும் தேயாத செருப்பும் இருந்தால் போதும் என்பார்கள். கோபத்தை விழுங்கத் தெரியவேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நீலசந்திராவில் பன்னிரண்டு வருஷமாக நம் ஆட்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்கிறேன். பயோடேட்டாவை அடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது என் மகள் ரிஸ்வானா. எந்த வீட்டிலிருந்து வந்தாலும் முதல் வரி ஒன்றுதான்: 'மார்க்கப்பற்று உள்ள குடும்பம்.' அவள் முதல் எழுத்தைத் தொட்டாலே போன் மீதியைத் தானாகப் போட்டுவிடும். போனுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த வீடுகளில்தான் ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அல்லாஹ்வுக்கு மட்டும் பயப்படு என்று ஜும்மாவுக்கு ஜும்மா கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே சொந்தக்காரனுக்குப் பயப்பட ஆரம்பித்துவிடுகிறோம். என்னைப் போல வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவர்களும், பெண்ணைப் பெற்றுவிட்டு என்னைப் போன்றவனிடம் வந்து மாட்டிக்கொண்டவர்களும் இதைப் படியுங்கள். வயிறு எரிவது உங்களுக்கு மட்டும் இல்லை.

சகலைக்குப் பயந்த மண்டபம்

துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள். அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலேயே நிக்காஹ், வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழம், நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் வீட்டில் சாப்பாடு என்று பேசி முடித்தோம். துணிக்கடைக்காரர் கண்கலங்கி, "இதுதான் சுன்னத்து பாய்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. முட்டாள் நான்.

அடுத்த வாரம் போன் செய்தார். மண்டபம் பிடித்தாகிவிட்டதாம். மேடை அலங்காரத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டதாம். ஓசூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்கப் பேச்சு நடக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களா என்றேன், இல்லை என்றார். மகள் கேட்டாளா என்றேன், அவளும் இல்லை. பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று சத்தம் போட்டேன். சிறிதும் கூச்சமில்லாமல் சொன்னார்:

"பள்ளிவாசல்ல வெச்சா அல்லாஹ் பொருந்திக்குவான் பாய். என் சகலை சிரிப்பானே?"

ஊருக்குச் சொல்லாத நிக்காஹ்

கணவன் இறந்து, இத்தா முடிந்து ஐந்து வருஷமாகத் தம்பி வீட்டிலேயே இருந்த ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தேன். மாப்பிள்ளையும் மனைவியை இழந்தவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறார். இருவருக்கும் பிடித்துவிட்டது. தம்பியும் சரி என்றான். ஆனால் நிபந்தனை போட்டான். தங்கள் மஹல்லாவில் வேண்டாம், ஊர்க்கோடியில் யாருக்கும் தெரியாத ஒரு பள்ளிவாசலில் வைத்துக்கொள்ளலாம். வேலைநாளில், லுஹர் தொழுகைக்கு முன்னால். அக்காவுக்குப் புதுப் புடவைகூட வேண்டாம்.

நிக்காஹ்வை ஊரறியச் செய்யச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நபி முதலில் மணம் முடித்ததே கணவனை இழந்த பெண்ணைத்தான். அதை அந்தத் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மீலாது மேடையில் அவனே மைக் பிடித்துப் பேசியிருக்கிறான். அன்றைக்கு அந்தப் பெண் பழைய புர்காவில், தப்பு செய்தவளைப் போலத் தலை குனிந்து ஆட்டோவில் ஏறினாள். ஹலாலான காரியத்தைத் திருட்டு மாதிரி செய்ய வைத்தானே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான்:

"ஸொல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க பாய். யாராவது கேட்டா, அக்காவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டில வேலை கெடச்சிருக்குன்னு சொல்லிடுங்க."

ஹெப்பகோடி பையன்

ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் பையன் ஒருவன் வந்தான். முப்பது வயது, முதல் கல்யாணம், தொழுகையாளி, கைநிறையச் சம்பளம். கணவனை இழந்த பெண்ணோ பிரிந்து வந்த பெண்ணோ இருந்தால் பாருங்கள் என்றான். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அப்படிக் கேட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். காரணம் கேட்டேன். "எங்க அக்காவுக்கு தலாக் ஆகி ஒம்போது வருஷம் பாய். கேட்டு ஒருத்தன்கூட வரல. நானாவது ஒரு வீட்ல போய்க் கேக்கறேனே" என்றான். அவன் அம்மாவுக்கும் முழுச் சம்மதம்.

சந்தோஷமாக ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மணமாகி எட்டே மாதத்தில் தலாக் ஆகி வந்த பெண். அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அவளுடைய அம்மா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். தேதி குறிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் சொன்னது இது:

"முதல் கல்யாணத்துப் பையன் தலாக் ஆன பொண்ணைக் கேக்கறான்னா, அவன்கிட்ட ஏதோ பெரிய கோளாறு இருக்குன்னு ஜனங்க பேசமாட்டாங்களா பாய்?"

என் வீட்டு வாசல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பையனின் அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். சலாம் சொல்லி உட்கார்ந்தார். வேறு வரன் ஏதாவது பார்க்கட்டுமா என்று நோட்டை எடுத்தேன். "நோட்டெல்லாம் வேணாம் பாய், உங்க பொண்ணு ரிஸ்வானாவைத்தான் கேட்டு வந்திருக்கேன்" என்றார். என் மகள் தானே விவாகரத்து கேட்டு, குலா வாங்கிப் பிரிந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் ஏன் இங்கேயே இருக்கிறாள் என்று கேட்பவர்களிடம், மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார் என்று நான் சொல்லிவந்தேன். ஆம், நான்தான். அந்தத் தம்பி மேல் பற்றி எரிந்த அதே நான். பயோடேட்டா விஷயமாகப் போன் செய்த இந்த அம்மாவிடம் ரிஸ்வானாவே உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

எடுத்த நோட்டை மூடி வைத்தேன். துபாய் பொய் வெளியே வந்துவிடும். பெண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கும் அத்தனை வீட்டாரும், தரகன் நல்ல பையனைத் தன் வீட்டுக்கு ஒதுக்கிக்கொண்டான் என்று காறித் துப்புவார்கள். என் தொழில் என்ன ஆகும்? இவ்வளவும் ஓடியது என் மண்டையில். அல்லாஹ்வின் நினைப்பு ஒரு ஓரத்தில்கூட வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த அம்மா எழுந்து புர்காவைச் சரிசெய்தபடி சொன்னார்:

"யோசிங்க பாய். யாருக்குப் பயந்து யோசிக்கிறீங்கன்னு மட்டும் பாத்துக்கங்க."

அடித்து முடிக்காத பயோடேட்டா

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைப் போல அதுவரை வந்ததில்லை. துணிக்கடைக்காரர் மேலும், அந்தத் தம்பி மேலும், அடுப்படிக்குக் கூப்பிட்ட அந்த அம்மா மேலும் வந்ததெல்லாம் மொத்தமாகத் திரும்பி என் மேலேயே விழுந்தது. மூன்று வருஷம் ஊரார் வீட்டுப் பெண்களின் பயோடேட்டாவை அடித்துக் கொடுத்தாள் என் மகள். அவளுக்கென்று ஒன்று அடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதியம் அவளே போனை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய பெயர், வயது, படிப்பு எல்லாம் இருந்தது. 'குலா பெற்றவர்' என்று ஒளிக்காமல் போட்டிருந்தாள். முதல் வரி மட்டும் காலி. போன் தானாகப் போட்டதை அவள்தான் அழித்திருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. எழுத்தில் சந்தேகம் வந்தால் கேட்பாளே, அப்படித்தான் கேட்டாள்:

"அத்தா, நம்ம வீட்டுக்கு 'மார்க்கப்பற்று உள்ள குடும்பம்'னு போடட்டுமா, வேணாமா?"

போடு என்று சொல்லிவிட்டு ஹெப்பகோடிக்குப் போன் செய்தேன். தரகன் நல்ல மாப்பிள்ளையைத் தன் வீட்டுக்கே முடித்துக்கொண்டான் என்று இப்போது நீலசந்திரா முழுக்கப் பேச்சு, இத்தனை வருஷத்தில் இந்த ஊர் என்னைப் பற்றிச் சொன்னதில் இது ஒன்றுதான் முழு உண்மை.