பூட்டில்லாத பாட்டு

அப்பாவின் செல்போனில் ஒரு பாட்டு இருந்தது. போன் வாங்கும்போதே உள்ளே இருந்த பாட்டு. வேறு போனுக்கு அனுப்பப் பார்த்தால், முடியாது என்று கையை விரித்துவிடும். அதனால் பாப்பாரப்பட்டியில் எங்கள் தெருப் பெண்கள் அதைக் கேட்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆறாம் வகுப்பில் என் மொத்தச் செல்வாக்கும் அந்தப் பூட்டில்தான் இருந்தது. சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றுவதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். யார் என் பக்கத்தில் உட்காரலாம் என்பதையும் நானே முடிவு செய்வேன்.

அந்தக் கோடை விடுமுறையில் பெரியப்பா மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். பெரியப்பா கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு அங்கே போயிருந்தார். அக்காவின் பேச்சில் கன்னடம் ஏறியிருந்தது, கையில் நெட் வரும் போன் இருந்தது. அதில் ஒரு தளம். பாடகர்களே அங்கே பக்கம் வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அமுக்கி ஃப்ரெண்ட் ஆகிவிட்டால் அவர்கள் பாட்டைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம்.

கிட்டாரோடு நின்ற ஒருவரின் படத்தைக் காட்டி, “இவரு என் ஃப்ரெண்டு” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஆள் அவளை வீட்டுக்கே கூப்பிட்டுப் பாட்டைக் கையில் கொடுத்தார் என்றுதான் நினைத்தேன். பெங்களூர் போனவர்களுக்கு இதெல்லாம் நடக்கும் போல, எங்கள் அப்பாதான் போகவில்லை.

“நீ எடுத்துக்கடி, லாக்கு கெடயாது” என்று அவருடைய கன்னடப் பாட்டை முதலில் என்னிடம்தான் நீட்டினாள்.

“ஓசிப் பாட்டு எனக்கு எதுக்கு?” என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. பிறகு தெருவில் இறங்கி, “பாட்டு வேணுங்களா? ப்ளூடூத்த ஆன் பண்ணுங்க” என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் எந்த வீட்டில் போன் அடித்தாலும் அந்தக் கன்னடப் பாட்டுதான். ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் குழாயடியில்கூட முணுமுணுத்தார்கள். என் உயிர்த்தோழி அக்காவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் என் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அக்கா, கூட்டிப்போக வந்த பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “சித்தப்பா வூட்லயே இருந்து படிக்கறேம்பா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூரும் வேண்டும், எங்கள் தெருவும் வேண்டுமா இவளுக்கு? பஸ் வரும்வரை அவள் தன் ஃப்ரெண்டுகளை ஒவ்வொருவராக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கிட்டார்க்காரர், டிரம்ஸ் வாசிப்பவர், சுருட்டை முடிப் பாடகி. அத்தனை பேரும் பாட்டுக்காரர்கள். பொறாமையில் நான் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் வகுப்புப் பெண் ஒருத்திகூட அந்தப் படங்களில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.