ஈரத்தில் காய்ந்த அரக்கு

மிசாவோவின் முகம் அன்று காலை ஆவியில் வெந்த பன் போல உப்பியிருந்தது. கீழுதடு தடித்து, மோவாயெல்லாம் கொப்புளம். அந்த முகத்தோடுதான் கியோட்டோவின் பின்தெருவிலிருந்த தன் பொதுக் குளியல்கூடத்தில் காசு வாங்கும் மேடையில் ஏறி உட்கார்ந்தாள். வேறு யாராவது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள்.

எல்லாம் அவள் மோவாயில் நிமிர்த்தி வைத்து ஊதும் நீள மூங்கில் குழலால் வந்த வினை. பத்தொன்பது வருஷமாகக் குழல் குழுவின் கடைசி வரிசையில் கிடந்தவளுக்கு, இந்த மார்ச்சில்தான் கோயில் மண்டபத்தில் நடக்கும் விழாவில் தனியாக வாசிக்கும் வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து மூங்கிலில் விரிசல் விழுந்தது. பழுது பார்க்கும் எனோகி விரிசலைக் கட்டி, பச்சையாகப் பட்டால் தோலைப் புண்ணாக்கும் மரப்பால் அரக்கை உள்ளே புதிதாகப் பூசினார். அங்கேயே விட்டுவைக்க மனசு கேட்காமல் இவள் அவசரமாக வாங்கிவந்தாள். "நல்லா காயாம வாயை வெச்சிராதீங்க" என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார்.

காயவைப்பதைப் பற்றி இவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? முப்பது வருஷமாகத் துண்டு காயவைக்கிறவள். கொதிகலன் அடுப்போரக் கொடியில் பத்து நாள் தொங்கவிட்டு, எடுத்து ஊதினாள். மறுநாளே முகம் இந்தக் கதி.

குளிக்க வந்தவர்கள் சும்மா விடுவார்களா?

"அக்கா, வீட்டுக்காரர் அறைஞ்சாரா?"

"அவருக்கு அவ்வளவு துணிச்சல் ஏது?" என்றாள் மிசாவோ.

ஒருத்தி ஆற்று நண்டை இடித்துச் சாறு கொண்டுவந்தாள். அரக்குப் புண்ணுக்கு அதுதான் வைத்தியமாம். பூசியதில் எரிச்சல் ஏறியது, கூடமெல்லாம் நண்டு நாற்றம். பிறகுதான் தோல் மருத்துவரிடம் போய்க் களிம்பு வாங்கினாள்.

மாலையில் குழுவின் மூத்தவர் தொகுஜிரோ வந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பிளாஸ்டிக் குழல்தான் வாசிப்பார்.

"உனக்கு மூங்கில் ஒத்துக்காதும்மா. விட்டுரு. தனி வாசிப்பை நான் பாத்துக்கறேன். பிளாஸ்டிக்குக்கு என்ன குறைச்சல்?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு ஐயா. உங்க வேலையைப் பாருங்க."

மறுநாளே கையுறை மாட்டிக்கொண்டு எனோகியிடம் குழலைத் தூக்கிப்போனாள். அவர் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தார். பழுப்புக் கறை ஒட்டிவந்தது.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"அடுப்போரம்."

எனோகி தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, இது துணி இல்ல. அரக்கு ஈரக்காத்துலதான் இறுகும். வறண்ட சூட்டுல வருஷக்கணக்கானாலும் பச்சையாவே இருக்கும். மூங்கில் மறுபடி பிளக்காததே உங்க அதிர்ஷ்டம்."

மிசாவோவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஈரக்காற்றா? அதைத்தானே அவள் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வெளியே துரத்துகிறாள்!

பெண்கள் உடைமாற்றும் அறையில் மேல் அலமாரியைக் காலி செய்தாள். மரப்பெட்டியில் ஈரத்துண்டு விரித்து, குழல் அதில் படாமல் குச்சிகள்மேல் கிடத்தினாள். இரண்டு வாரம் கழித்துத் துணியை விட்டு இழுத்தாள். வெள்ளையாகவே வந்தது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. குழலின் வாய்ப்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் காசு வாங்கினாள். மூன்று நாள் காத்திருந்தாள். ஒரு பொட்டுகூடச் சிவக்கவில்லை.

விழாவன்று மண்டபத்தில் அவளுடைய வாடிக்கைக்காரிகள் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். மிசாவோ குழலைத் தெளிந்த மோவாயில் பதித்தாள். முதல் சுரம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி உத்தரம்வரை ஏறிற்று. நண்டுக்காரி அழுதேவிட்டாள். கடைசி வரிசைக்காரி என்று இனி எவர் சொல்வார்!

கைதட்டல் அடங்கியதும் தொகுஜிரோ மெல்ல அருகில் வந்தார்.

"எனக்கும் இப்படித்தாம்மா ஆச்சு. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, புதுசா அரக்கு பூசின மூங்கில் குழல். மூஞ்சி வீங்கிருச்சு. பயந்துபோய் அலமாரியில போட்டவன், அப்புறம் தொடவே இல்ல. உன் கூடத்து ஈரத்துல அதுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

மிசாவோ அவரையே பார்த்தாள். இந்த மனுஷனைத் திட்டுவதா, பரிதாபப்படுவதா?

"ஒன்பது மழைக்காலம் போயிருக்கு ஐயா. அது எப்பவோ காஞ்சிருக்கும். மொதல்ல கையில கட்டிப் பாருங்க. சிவக்கலேன்னா, அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அதையே எடுத்துட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை அவர் மூங்கிலோடு வந்தார்.