நீலக் கதவு

வண்டன்மேட்டு ஏலக்காட்டுக்குள் பகல் முழுதாக வருவதில்லை. மேலே பெருமரங்கள், கீழே ஆளுயரத்துக்கு ஏலச்செடி, அதற்கும் கீழே மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரங்களில் காய். காய் எடுக்கிறவர்கள் குந்தியபடியே நகர்வதால் ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள். மூடுபனிக்குள் இலை அசையும். ஓர் இருமல் கேட்கும். சில சமயம் சிரிப்பு மட்டும் தனியாக நடந்து போகும்.

கலெக்டர் மழைக்கு லீவு விடும் நாட்களில் அம்மா என்னையும் கூட்டிப் போவாள். காலில் ஏறும் அட்டையை உப்புப் பொட்டலத்தால் ஒற்றியபடி நான் பின்னாலேயே நகர்வேன். அம்மா காயைக் கிள்ளிக்கொண்டே வீடு கட்டுவாள். எஸ்டேட் கொடுத்த லயத்தில் எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் ஓர் அடுப்படியும். வேலையை விட்டால் அதையும் விடவேண்டும். அம்மா கட்டிய வீடோ மலைக்குக் கீழே, வெயில் விழும் இடத்தில் இருந்தது. ஒரு செடியடியில் ஜன்னல் வைப்பாள். அடுத்த செடிக்குப் போவதற்குள் அது பிடிக்காமல் வேறு சுவருக்கு மாற்றுவாள். கதவுக்கு நீலம் என்பது மட்டும் மாறியதில்லை. ஈரச் சாக்கின் மேல் படுத்தபடி அந்த வீட்டுக்குள் நான் பல தடவை தூங்கியிருக்கிறேன்.

காய் எடுப்பில் ஆளுக்கொரு வரிசை. வரிசைகள் முடியும் இடத்தில் ஒரு பாறை. முதலில் முடித்தவள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அடுத்தவளும் வந்து உட்காருவாள். எப்போதும் கடைசியாக வருவது பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. அவளுக்கு முழங்கால் வீக்கம். அவள் வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் எல்லோரும் அடுத்த வரிசைக்கு எழுந்திருப்பார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சூப்பர்வைசர் வந்துவிட்டால் மட்டும் அத்தனை பேரும் குனிந்து காலில் அட்டை தேடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் எஸ்டேட்டில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. தினக்கூலிக்கு இவ்வளவு காய் என்று முன்பே ஓர் அளவு உண்டு. இனி அதற்கு மேல் எடுக்கும் காய்க்குத் தனிக்காசு.

அம்மா பாறையில் உட்காருவதை நிறுத்தினாள்.

"ஏத்தா, செத்த இரேன்," என்றாள் பெரியம்மா, செடிகளுக்குள்ளிருந்து.

"நீங்க மெதுவா வாங்கக்கா."

"அவள விடுங்க மதினி," என்று பாறையிலிருந்து ஒருத்தி சொன்னாள். "ஊட்டுக்கு ஓடு வேயணும்லா. மழை வேற பெய்யுது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் கை நிற்கவில்லை. காய்க்கறையில் அவள் விரல்கள் கறுத்து, சோற்றைப் பிசையும்போதும் ஏலவாசனை வந்தது. சாயங்காலம் எடை போடும் இடத்தில் அவள் பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டும்போது சூப்பர்வைசர் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பெருமை தாங்காது. வீட்டுக்கு மாடிகூட வைக்கலாமென்று நான் யோசனை சொன்னேன்.

மழை விடும் முன்பே அளவை ஏற்றினார்கள். அம்மாவின் பை தினமும் எவ்வளவு எடை இருந்ததோ, ஏறத்தாழ அதுவே இனி எல்லோருக்கும் தினக்கூலிக்கான அளவு.

"இந்தச் சேச்சிக்கு முடியும்னா மற்ற சேச்சிமாருக்கும் முடியுமல்லோ," என்றார் சூப்பர்வைசர், நியாயமாகப் பேசும் குரலில்.

அன்று அம்மாவுக்குத் தனிக்காசு இல்லை. பெரியம்மாவுக்கு அரைக்கூலிதான். லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் எல்லோருடைய ரப்பர் செருப்புகளும் மட்டும் சேற்றில் சத்தம் போட்டன.

அந்த வீடு கட்டப்படவில்லை. அம்மா இப்போதும் லயத்தில்தான் இருக்கிறாள். கை இப்போதும் வேகம்தான். நான் பாதியில் படிப்பை விட்டு, திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டி, கொச்சியில் இறால் உரித்து, கிடைத்த இடத்தில் படுத்து, போன வருஷம் பெருமாட்டிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் சேர்ந்தேன். முதல் நாள் என் குவியலை முடித்துவிட்டு அடுத்ததை இழுத்தபோது, பக்கத்திலிருந்த பெண் என் கத்தியை மெல்ல வாங்கிக் கீழே வைத்து, இன்னும் பாதிக் குவியலில் இருந்த ஒரு வயதானவளைக் கண்ணால் காட்டினாள்.

"சித்த உக்காரு அம்மிணி. அந்தக்கா வரட்டும்."

உட்கார்ந்தேன். கொப்பரை வாசத்தை மீறி எங்கிருந்தோ ஏலம் மணத்தது.

ஏலக்காட்டில் அளவு ஏறிய மறுநாளும் பள்ளிக்கு மழை லீவுதான். அம்மா வழக்கம்போல முதலில் முடித்தாள். பாறைக்கும் போகவில்லை, அடுத்த வரிசைக்கும் போகவில்லை. பெரியம்மாவின் வரிசைக்குள் எதிர்முனையிலிருந்து நுழைந்து காய் எடுத்துக்கொண்டே வந்தாள். நடுவில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தபோது தன் மடிக்காயைப் பெரியம்மாவின் பையில் கொட்டினாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. எங்கள் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வேறொருத்தியின் பைக்குள் போவதாகத் தோன்றியது.

பெரியம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"கதவு என்ன நெறம்னு சொன்ன?"

அம்மா அடுத்த செடியின் சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அதில் காய் இல்லை.

"நீலம்க்கா."

"நல்லாருக்கும்," என்றாள் பெரியம்மா.

அவள் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு முழுவதும் அவளோடு நான் பேசவில்லை.