யார் பெயருக்கு அர்ச்சனை

இரத்தோட்டை அம்மன் கோயிலில் ஐயர் நிற்கிறார். தொழிற்சங்கப் பெரியவரின் மகன் நிற்கிறார். அவருக்குக் குடை பிடிக்கும் சங்கத்து ஆள் நிற்கிறார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா நிற்கிறார். மழைக்கு லொறியை ஓரங்கட்டிய நானும் நிற்கிறேன். பின்னால் அர்ச்சனைத் தட்டுகளோடு தோட்டத்துச் சனம்.

பெரியவர் முப்பது வருடமாகத் தலைவர். கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் ஆயுளுக்குத்தான் பூசை என்கிறார்கள்.

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். சங்கத்து ஆள் மகன் பெயரைச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார்.

செத்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை. எனக்குச் சந்தேகம் வருகிறது.

"பெரியவர் இருக்காரா அக்கா?"

"இருக்காருன்னுதான் சொல்றாங்க. பார்க்க விடமாட்டேங்கிறாங்க. மகனோட நட்சத்திரத்தை மட்டும் நேத்தே சங்கத்து ஆளுங்க லயத்துல வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"அப்ப மகன் பேரையே சொல்லிட வேண்டியதுதானே?"

"எனக்கு வீடு தாரேன்னு சொன்னவரு பெரியவரு, தம்பி. மகனுக்கு என் மூஞ்சியே தெரியாது."

அக்காவின் முறை வருகிறது. சங்கத்து ஆள் அவர் வாயையே பார்க்கிறார். அக்கா பெரியவர் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார். ஐயர் ஒரு தடவை மகனைப் பார்த்துவிட்டு மந்திரம் சொல்கிறார்.

மொத்தம் இருபத்து மூன்று தட்டு. பெரியவர் பெயருக்கு ஒன்று.